கென்யாவுக்குப் பிள்ளையை அனுப்புமுன்: செட்டிநாட்டு மிஷன் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், சிவகங்கை வட்டாரச் சபைகளின் போதகர் ஐயாமார்களுக்கும் மிஷன் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் ஸ்தோத்திரம்.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போகிறார்கள். வழியனுப்பு ஆராதனையில் முழங்காலில் நிற்க வைத்துத் தலைமேல் கைவைத்து ஜெபிக்கிறோம். சால்வை போடுகிறோம். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேர்ந்த தொகையைக் கவரில் வைத்துக் கொடுக்கிறோம். அத்தோடு கமிட்டியின் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். போன இடத்தில் அந்தப் பிள்ளை பிரசங்க பீடத்தில் நிற்பது வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். மற்ற நேரமெல்லாம் தண்ணீர், அடுப்பு, காய்ச்சல், பாஷை, கணக்கு என்றுதான் போகும். இவற்றில் எதையும் இங்கே பழக்காமல் அனுப்புகிறோம் என்பதே எங்கள் மனக்குறை.

ஆளைக் கடல் தாண்டி அனுப்பும் வித்தை நம் மண்ணுக்குப் புதிதல்ல. நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க, அதாவது வெளிநாட்டில் லேவாதேவித் தொழில் செய்யப் போனபோது, எடுத்த எடுப்பில் யாரையும் மேலாளாக, அதாவது பொறுப்பாளராக, உட்கார வைக்கவில்லை. பையன் பெட்டியடியில் உட்கார்ந்து பழகினான், பிறகு அடுத்தாள் ஆனான், அதன் பிறகுதான் பொறுப்பு வந்தது. சம்பளமும் தவணையும் எழுத்தில் இருந்தன. பெரும்பாலும் மூன்று வருஷத் தவணை. முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்பி, வீட்டோடு இருந்துவிட்டுத்தான் அடுத்த பயணம். லேவாதேவிக்கு ஆள் அனுப்பியவர்கள் காட்டிய அக்கறையில் பாதியாவது சுவிசேஷத்துக்கு அனுப்புகிற நாம் காட்ட வேண்டும்.

அனுப்புகிற கமிட்டி சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தரங்கம்பாடியே சாட்சி. ஜெர்மானிய புராட்டஸ்டன்ட் மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து இறங்கியபோது அவருக்கு 24 வயது நிரம்பவில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. அவ்வளவு செய்தவருக்குக் கோபன்ஹேகனில் இருந்த மிஷன் சங்கத்தின் செயலாளர், ஊழியர் அப்போஸ்தலரைப்போல் ஏழையாக அலைய வேண்டும், கட்டடமும் பள்ளிக்கூடமும் எதற்கு என்று கண்டித்துக் கண்டித்து எழுதினார். களத்தைக் கண்ணால் பார்க்காதவரின் கடிதங்கள் அவை. சீகன்பால்கு 1719-ல் 36 வயதில் இறந்தார். அந்தக் கடிதங்கள் அவர் மனதை எவ்வளவு வருத்தின என்பது சரித்திரத்தில் பதிவாகியிருக்கிறது. நம் கமிட்டிகளின் வாட்ஸ்அப் செய்திகளை அந்த வெளிச்சத்தில் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறோம். கென்யாவை வைத்தே எழுதுகிறோம், தான்சானியாவுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் காகிதம். கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையவழிப் பயண அனுமதி வந்திருக்கிறது. அதை வைத்து 90 நாள் வரை தங்கலாம், ஊழியம் செய்யக் கூடாது. "முதலில் போய் இறங்கட்டும், அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்பது பிள்ளையைச் சட்டமீறலில் தள்ளும் பேச்சு. மத, தர்மப் பணிகளுக்கென்றே 'ஐ' வகுப்பு அனுமதி அங்கே உண்டு. அங்கே பதிவு பெற்ற சபையோ சங்கமோதான் அதற்கு முன்னின்று விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்காதீர்கள். போலீஸ் சான்றுக்கு மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பிக்கும்போதே ஒரு சிக்கல் தலைகாட்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றில் வேறு பெயர், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து மூன்றாவதாக ஒரு பெயர். நம் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு இது வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆள் தெரிவான அன்றே எல்லாச் சான்றுகளையும் ஒரு மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயர் திருத்தம் மாதக்கணக்கில் இழுக்கும்.

ஊசி விஷயத்தில் பலர் ஏமாறுவது போகும்போது அல்ல, வரும்போது. கென்யாவிலிருந்து இந்தியாவுக்குள் வருகிறவர் மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று காட்டாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். தாயின் துக்கத்துக்கு ஓடிவரும் பிள்ளைக்கு அது நேர்ந்தால் என்ன கொடுமை! ஒரே ஒரு ஊசிதான். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்தே சான்று செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். அந்த மஞ்சள் அட்டை பாஸ்போர்ட்டோடு சேர்ந்தே இருக்கட்டும்.

பாஷைக்கு வருவோம். ஓரியூர் நமக்குப் பக்கத்து ஊர். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே இரத்தசாட்சியான அருளானந்தர், லிஸ்பனில் பிறந்து இளவயதில் இந்தியா வந்த போர்ச்சுகீசியர். காவி உடுத்தி, புலால் விட்டு, தமிழில் பேசி வாழ்ந்ததால்தான் மறவர் நாட்டு ஜனங்கள் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றார்கள். நம் பிள்ளைகளோ, "அங்கே எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்" என்ற நம்பிக்கையில் போகிறார்கள். நைரோபியில் அது செல்லும். கிராமத்துக் கிழவி வீட்டில் சுவாஹிலியோ அந்த இனத்தாரின் தாய்மொழியோ இல்லாமல் ஒரு குவளைத் தண்ணீர்கூடக் கேட்க முடியாது.

தமிழனுக்குச் சுவாஹிலி கடினமல்ல. தமிழைப் போலவே ஒரு வினைச்சொல்லுக்குள் ஒரு வாக்கியமே அடங்கும். என்ன, நாம் ஆளை வினையின் வாலில் வைக்கிறோம், அவர்கள் தலையில் வைக்கிறார்கள். 'நினகுபெண்டா' என்ற ஒரே சொல்லில் 'நி' நான், 'ன' நிகழ்காலம், 'கு' உன்னை, 'பெண்டா' நேசி. சேர்த்தால் 'உன்னை நேசிக்கிறேன்'. தடுமாற்றம் வருவது பன்மையில். மாற்றம் சொல்லின் முன்னால் நடக்கும், கூட வரும் பெயரடையும் சேர்ந்து மாறும். நல்ல புத்தகம் 'கிட்டாபு கிஸூரி', நல்ல புத்தகங்கள் 'விட்டாபு விஸூரி'. அதனால் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யக் கூடாது, ஒருமை பன்மை இரண்டையும் ஜோடியாக எழுதிப் படிக்க வேண்டும். நாளுக்குப் பத்து ஜோடி, ஆறு மாதம். புறப்படுமுன் இங்கேயே இதைத் தொடங்கலாம்.

கடிகாரம் இன்னொரு கண்ணி. சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். 'ஸா மோஜா', அதாவது 'ஒரு மணி' என்றால் காலை ஏழு. 'ஸா தாத்து', 'மூன்று மணி' என்றால் காலை ஒன்பது. இது தெரியாமல் ஒன்பது மணிக் கூட்டத்துக்கு மதியம் மூன்றுக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. பூமத்திய ரேகையை ஒட்டிய நாடு, வருஷம் முழுக்கப் பகலும் இரவும் ஏறக்குறைய சமம், ஆகவே அந்தக் கணக்கு அங்கே துல்லியமாக ஓடுகிறது. நம் நாழிகைக் கணக்கும் உதயத்திலிருந்துதான். அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் மூன்றாம் மணி வேளையும் அதே காலை ஒன்பதுதான். அதே உதயக் கணக்கு அங்கே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

சலாம் சொல்லாமல் காரியத்தைத் தொடங்குவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, பயணம் எப்படி என்று விசாரித்து முடித்த பிறகுதான் வந்த விஷயம். கடற்கரைப் பக்கமும் தான்சானியாவிலும் பெரியவர்களைக் கண்டால் 'ஷிக்கமோ' சொல்ல வேண்டும், அவர்கள் 'மராஹபா' என்பார்கள். இடது கையால் கொடுக்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சாப்பாடு பற்றி அம்மாமார்களுக்குத்தான் அதிகக் கவலை. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் ஊகாலிதான் அங்கே சோறு. நம் கேப்பைக் களி கிண்டத் தெரிந்த கைக்கு அது ஒரு வாரப் பழக்கம். ஒரு லிட்டர் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் சுமார் அரைக் கிலோ மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, மரத்துடுப்பால் விடாமல் அழுத்திக் கிண்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டி, உள்ளே பச்சை மாவு நிற்கும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் பாத்திரத்தின் பக்கங்களை விட்டுச் சுருண்டு வரும். ஏரிப் பக்கத்தில் கிடைக்கும் 'டகா' நெத்திலிக் கருவாடு மாதிரிதான், நம் ஊர்க் குழம்புக்குத் தோதானது. ஆனால் சோளத்தை மூட்டையாக வாங்கி வைக்கும் விடுதிகளில் ஒரு ஆபத்து உண்டு. ஈரம் காயாமல் அடுக்கிய சோளத்தில் பூசணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், வேக வைத்தாலும் போகாது. 2004-ல் கிழக்குக் கென்யாவில் அதனால் 125 பேர் இறந்தார்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்கவும், பூசணம் கண்ட சோளத்தைக் கோழிக்குக்கூடப் போடாமல் அழிக்கவும் சொல்லுங்கள்.

குளிருக்குக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. நைரோபி சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜூலையில் நன்றாகக் குளிரும். நம் ஊர் வெயிலில் வளர்ந்த பிள்ளை அப்போது 'ஜிக்கோ' அடுப்பைக் கட்டிலுக்கு அருகே இழுத்துக்கொள்ளும். கரிப்புகையின் நஞ்சுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஒரு ஸ்வெட்டரும் நல்ல கம்பளியும் கொடுத்தனுப்புங்கள்.

தண்ணீரைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அந்த ஊர்களில் ஊழியத்தின் பாதி அதிலேயே இருக்கிறது. இருபது லிட்டர் மஞ்சள் கேன் ஒன்று நிறைந்தால் 20 கிலோ. அதைச் சுமக்கிற பெண்களோடு குழாயடியில் வரிசையில் நிற்பவர்தான் ஊரின் சங்கதிகளைத் தெரிந்துகொள்வார். குடிக்கிற தண்ணீரைத் தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிஷமாவது கொதிக்க விட வேண்டும். மலைப்பாங்கான இடங்களில் மூன்று நிமிஷம். ஊருணித் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டை தேய்த்துப் பழகியவர்கள் நாம். அது கலங்கலைத்தான் அடியில் படிய வைக்கும், கிருமியைக் கொல்லாது.

அங்கே பல கிராமங்களில் நிற்கும் கைப்பம்பு நம் பஞ்சாயத்துகளில் நிற்கும் அதே இந்தியா மார்க் 2. சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து யுனிசெஃப் துணையோடு 1970-களில் உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் சோதிக்கப்பட்டு, உலகமெல்லாம் போன பம்பு. அதைப் பிரித்துப் பூட்டும் வேலையை நம் கண்மாய்க்கரைக் கிராமங்களிலேயே மெக்கானிக் ஒருவரோடு இரண்டு வாரம் சுற்றிக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்:

பம்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் சீராக வந்த பிறகு நிமிஷத்துக்கு 40 தடவை வீதம் ஒரு நிமிஷம் அடித்து வாளியில் பிடியுங்கள். 10 லிட்டருக்குக் குறைந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் பக்கெட் வாஷர் தேய்ந்துவிட்டது. அடுத்து, அரைமணி நேரம் பம்பைத் தொடாமல் விட்டுத் திரும்ப அடியுங்கள். ஐந்து தடவைக்குமேல் அடித்தபிறகே தண்ணீர் வந்தால், அடி வால்வோ குழாய் இணைப்போ கசிகிறது. கைப்பிடி பக்கவாட்டில் ஆடினால் பேரிங், குதித்தால் செயின்.

வாஷர் மாற்றச் சிலிண்டரை மேலே கொண்டுவர வேண்டும். தண்ணீரை மேலே கொண்டுவரும் 32 மில்லிமீட்டர் ரைசர் குழாயை மூன்று மீட்டர் மூன்று மீட்டராக, உள்ளே போகும் கம்பியோடு சேர்த்துத் தூக்கிக் கழற்ற வேண்டும். சிலிண்டர் முப்பது மீட்டரில் இருந்தால் பத்துக் குழாய். நாலு பேர் வேண்டும். கிளாம்ப் கவ்வாமல் ஒரு குழாயைக் கழற்றினால், கீழே தொங்கும் அத்தனையும் போர்க்குழிக்குள் போய்விடும், அந்தக் கிணறே வீண். ஒவ்வொரு குழாயையும் கிளாம்ப் இறுகப் பிடித்ததைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே ஸ்பேனரைப் போட வேண்டும். கென்யாவிலேயே வளர்த்தெடுத்த அஃப்ரிடெவ் என்ற பம்பும் அங்கே உண்டு. அதில் குழாயை எடுக்காமலே, ஒரே ஸ்பேனரில், ஊர்ப் பெண்களே வாஷர் மாற்றிக்கொள்ளலாம்.

இதில் மிஷனரி செய்யும் பெரிய தவறு, தானே மெக்கானிக் ஆகிவிடுவது. அவர் ஊருக்குப் போனதும் பம்பு நின்றுபோகும். ஊராரில் இருவரைக் கூட வைத்துக்கொண்டு பிரிக்க வேண்டும், மூன்றாவது முறை அவர்கள் பிரிக்க இவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று மாதம் சிறு தொகை சேர்த்து, உதிரி வாஷர் ஊர்ப் பெட்டியில் இருக்கும்படி செய்ய வேண்டும். சபைக்கு வருகிறவர் வராதவர் என்று பார்த்துத் தண்ணீர் கொடுக்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், அவரை அனுப்பவே வேண்டாம்.

காய்ச்சல். விக்டோரியா ஏரிக்கரை மலேரியாவுக்குப் பேர்போன இடம். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும் கொசு அது. மருந்து தோய்த்த வலையை மெத்தைக்கடியில் செருகித் தூங்க வேண்டும். தடுப்பு மாத்திரை எது என்று புறப்படுமுன் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் தினம் ஒன்று, அந்தப் பகுதியை விட்டு வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டு இரண்டு நாள் பார்ப்போம் என்பது இங்கே சரி, அங்கே உயிருக்கு ஆபத்து. ஃபால்சிபாரம் மலேரியா ஒன்றிரண்டு நாளில் மூளைக்கு ஏறலாம். அன்றே விரல் குத்திப் பரிசோதனை. இருக்கிறதென்றால் பெரும்பாலும் ஆர்டிமெத்தர் - லூமிஃபான்ட்ரின் கொடுப்பார்கள். பெரியவர்களுக்கு வேளைக்கு 4 மாத்திரை, 6 வேளை, மொத்தம் 24. முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது, பிறகு இரண்டு நாள் காலை மாலை. பாலோ கொழுப்புள்ள சாப்பாடோ கூட வேண்டும், வெறும் வயிற்றில் மருந்து சரியாக உடம்பில் சேராது. பன்னிரண்டு மாத்திரையில் காய்ச்சல் விட்டதும் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. ஊருக்குத் திரும்பிய பிறகு சில மாதத்துக்குள் காய்ச்சல் வந்தாலும், "ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்" என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

பணம். கென்யாவில் 2007-லிருந்து எம்-பெசா என்ற போன்வழிப் பணச் சேவை இருக்கிறது, காய்கறிக்காரி முதல் பஸ் கண்டக்டர் வரை போனில்தான் வரவு செலவு. வசதிதான், ஆனால் ரசீது குறுஞ்செய்தியாக வருகிறது. போன் தொலைந்தால் கணக்கும் தொலையும். அன்றன்று இரவே குறிப்பு எண்ணோடு நோட்டில் எழுத வேண்டும். தேதி, விவரம், வரவு, செலவு, இருப்பு. இங்கிருந்து அனுப்பிய பணத்தை எந்த விலைக்கு ஷில்லிங்காக மாற்றினோம் என்பது ஓரத்தில். சனிக்கிழமை இரவு இருப்பை எண்ணிச் சரிபார்த்து இன்னொருவர் கையெழுத்து. ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, போட்டுப் பழகிய ஊர்க்காரர்கள் யாராவது ஒரு பெரியவர் பத்து நாள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் போதும்.

அனுப்பும் பக்கத்திலும் ஒழுங்கு வேண்டும். தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம் டிரஸ்டுகளுக்குக் கிடையாது. காணிக்கையை ஒரு அங்கத்தினரின் சொந்தக் கணக்கில் போட்டு அனுப்பினால் வரிக் கேள்வி அவர் தலையில் விழும். ஆடிட்டரிடம் எழுத்தில் ஆலோசனை வாங்கி, வழியை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மாதப் படி இன்ன தேதிக்கு வரும் என்று எழுதிக் கொடுத்து, அந்தத் தேதி தவறாதீர்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் ஒரு மாதச் செலவுக்கும் ஆன தொகை யாரும் தொடாத வைப்பாக இருக்கட்டும்.

வாரம் நாலு போட்டோ வேண்டும் என்று கேட்பதை நிறுத்துங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறோம். போட்டோவுக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கையில் பிஸ்கட் கொடுத்து, அழுக்குச் சட்டையோடு எடுத்து அனுப்பும் நிலைமைக்கு நம் ஊழியர்களைத் தள்ளுகிறோம். அந்தக் குழந்தையின் தாய் சம்மதித்தாளா என்று நாம் கேட்பதில்லை. மாதம் ஒரு பக்க அறிக்கை போதும்: வரவு செலவு, உடம்பு, பாஷையில் எவ்வளவு தூரம், செய்த வேலை, செய்து தோற்றுப்போன வேலை, ஜெபக் குறிப்பு. தோற்றதை எழுதினால் படி குறையும் என்ற பயம் இருந்தால் உண்மை வராது.

வீட்டோடு பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளட்டும். கென்யா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். ஞாயிறு அங்கே மூன்றரை என்றால் இங்கே மாலை ஆறு, சாயங்கால ஆராதனைக்கு முன் தாயோடு பேசிவிடலாம். முதல் தவணை இரண்டு வருஷத்துக்கு மேல் வேண்டாம். விடுமுறையில் வந்த பிள்ளையை ஊர் ஊராக மிஷனரி ஞாயிறு என்று இழுக்காதீர்கள். முதல் மூன்று வாரம் எந்தச் சபையிலும் பேச வைக்காமல் வீட்டில் விடுங்கள்.

அம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை. தேன்குழலும் சீப்புச் சீடையும் அதிரசமும் கட்டிக் கொடுக்கும்போது பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள். 2017 ஆகஸ்ட் 28 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை, அபராதமும் ஜெயிலும் உண்டு. எவர்சில்வர் டப்பாவில் போட்டுத் துணிப்பையில் வையுங்கள்.

கடைசியாக, வழியனுப்பு ஆராதனையின் தேதியை இப்போது நாம் குறிப்பது பண்டிகையையும் பிஷப் ஐயாவுக்குத் தோதான நாளையும் பார்த்து. இனிமேல் 'ஐ' வகுப்பு அனுமதி கைக்கு வந்து, ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்து, ஆறு மாதப் பாஷைப் பாடம் முடிந்து, தவணையும் படியும் எழுதிய தாளில் கமிட்டித் தலைவரும் பிள்ளையும் கையெழுத்துப் போட்ட பிறகு குறியுங்கள். அந்தத் தாளின் ஒரு நகலைத் தகப்பனார் கையிலும் கொடுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகும் பிள்ளைகளைத் தயார் செய்யும் உடன் ஊழியர்கள்
காரைக்குடி